சுத்தியல் எப்படிப் பாடுகிறது? ஹோரோவிட்ஸின் பியானோவைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எல்லாரும் அதே நோட்ஸைத்தானே வாசிக்கிறார்கள்? அதில் இவர் மேதை, அவர் சுமார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. நம் கச்சேரியில் ஒரே தோடியை இரண்டு பேர் பாடினால் ஆலாபனையும் வேறு, நிரவலும் வேறு, கல்பனாஸ்வரமும் வேறு. அங்கே கலைஞரின் கற்பனை வெளிப்படையாகத் தெரிகிறது. ஆனால் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன் 1838-இல் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால், எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது வரை அதில் அச்சாகி இருக்கிறது. ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றக் கூடாது. அப்படியிருந்தும் ஒருவர் வாசித்தால் பாடம் ஒப்பிப்பது போலவும், இன்னொருவர் வாசித்தால் நெஞ்சை அடைப்பது போலவும் இருக்கிறதே, அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது?

இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரே ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டு அவரை நிதானமாகக் கேட்பது. நான் எடுத்துக்கொள்வது பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ். 1903-இல் பிறந்து 1989-இல் மறைந்தவர். 1920-களில் தொடங்கி, இறப்பதற்கு நான்கு நாள் முன்பு வரை அவருடைய வாசிப்பு பதிவாகியிருக்கிறது. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகள். ஒரே மனிதரின் கைகளை இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் கேட்க முடிவது அபூர்வமான வாய்ப்பு.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். அது புரியாமல் அவர் செய்வதன் அருமை தெரியாது.

ஆர்மோனியம் பார்த்தவர்களுக்குக் கட்டை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பியானோவிலும் கட்டைகள்தான், மொத்தம் 88. ஆனால் ஆர்மோனியக் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தால், காற்று வரும்வரை ஒலி அப்படியே நிற்கும். பியானோவில் அது நடக்காது. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி உறை போட்ட ஒரு சுத்தியல் எழும்பித் தந்தியை அடிக்கிறது. கட்டை கீழே இறங்கும் தூரமே ஏறக்குறைய 1 செ.மீ. தான். அந்த ஒரு செண்டிமீட்டர் முடிவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறக்கிறது, தந்தியை அடிக்கிறது, திரும்பி விழுகிறது. அடி விழும் அந்த நொடியில் விரலுக்கும் சுத்தியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கல்லை எறிந்தாயிற்று. இனி அது போகிற வழியில் போகும்.

அதற்குப் பிறகு அந்த ஸ்வரத்தை யாராலும் எதுவும் செய்ய முடியாது. வீணையில் ஒரு மீட்டு மீட்டிவிட்டுத் தந்தியை இழுத்து கமகம் கொடுக்கலாம். வயலினில் வில்லை அழுத்தி ஒலியைப் பெருக்கலாம். பியானோவில் ஸ்வரத்தை வளைக்கவும் முடியாது, பிறந்த பின் வளர்க்கவும் முடியாது. பிறந்த கணத்திலிருந்து அது தேய்ந்துகொண்டேதான் போகும். கமகத்திலேயே ஊறிய நம் காதுக்குப் பியானோ முதலில் கொஞ்சம் மொட்டையாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சில வருடங்கள் அதைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை.

அப்படியென்றால் கலைஞரின் கையில் மிச்சம் இருப்பது என்ன? சுத்தியல் எவ்வளவு வேகமாகப் போய் அடிக்கிறது, அதாவது எவ்வளவு சத்தம். எப்போது அடிக்கிறது. கட்டையை எப்போது விடுகிறோம். கட்டையை விட்டதும் ஒரு கம்பளித் தக்கை வந்து தந்தியை அமர்த்திவிடும். வலது காலின் கீழ் உள்ள பெடலை மிதித்தால் தக்கைகள் எல்லாம் ஒன்றாகத் தூக்கிக்கொள்ளும். அப்போது கையை எடுத்தாலும் ஒலி நிற்கும், அடிக்காத தந்திகளும் கூடவே அதிரும். அவ்வளவுதான். சத்தம், நேரம், விடுதல், பெடல். இந்த நான்கை வைத்துக்கொண்டு மனிதக் குரல் போல ஒன்றை உண்டாக்க வேண்டும்.

அது எப்படி முடிகிறது என்றால், காதை ஏமாற்றித்தான். ஒரு ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதோ, அந்த அளவைக் காதால் கேட்டு, அடுத்த ஸ்வரத்தை அதே மென்மையில் தொட வேண்டும். அப்படித் தொட்டால் இரண்டு தனித்தனி அடிகளாக அவை கேட்காது. ஒன்றிலிருந்து இன்னொன்று வழுக்கி வந்தது போலக் கேட்கும். பத்து விரல் ஒரே நேரத்தில் இறங்கும்போது மெட்டைத் தாங்கும் ஒரு விரலை மட்டும் கொஞ்சம் வேகமாகவும், மற்ற ஒன்பதையும் வெவ்வேறு அளவில் மெதுவாகவும் இறக்கினால், அந்த ஒரு குரல் மட்டும் கூட்டத்திலிருந்து எழுந்து பாடுவது போலத் தோன்றும். சொல்வது எளிது. ஒரு மேசையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, சுண்டு விரலை மட்டும் பலமாகவும் மற்ற நான்கையும் பூப்போலவும் ஒரே நேரத்தில் தட்டிப் பாருங்கள். சுண்டு விரல்தான் கையிலேயே பலவீனமான விரல். வலது கையில் பெரும்பாலும் மெட்டு இருப்பதோ அந்த விரலில்தான்.

ஹோரோவிட்ஸின் மேதைமை முதலில் இங்கே இருக்கிறது. அவருடைய வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். வேகம் உண்மைதான், அதற்கு வருகிறேன். ஆனால் பத்து விரலுக்கும் பத்து வேறு குரல் கொடுத்ததுதான் அவரிடம் நான் வியப்பது. அவருடைய கச்சேரிக் காணொளிகளில் கைகளைக் கவனியுங்கள். விரல்களை வளைத்து வைக்க வேண்டும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். இவர் விரல்களைத் தட்டையாக நீட்டி வைத்திருப்பார். மணிக்கட்டு கட்டைகளின் மட்டத்துக்கும் கீழே தொங்கும். வலது சுண்டு விரலை உள்ளே சுருட்டி வைத்திருப்பார். அதன் முறை வரும்போது மட்டும் அது நீண்டு, ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி சுருண்டுகொள்ளும். உடம்பு அசையாது, முகம் அசையாது. பெரிய புயல் போன்ற இடத்திலும் ஏதோ கணக்குப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய ரஷ்யப் பேரரசின் உக்ரைன் பகுதியில் பிறந்தார். கீவ் இசைக் கல்லூரியில் ஃபெலிக்ஸ் புளூமன்ஃபெல்டிடம் படித்தார். சிறுவனாக இருந்தபோது இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினுக்கு முன் வாசித்துக் காட்டியிருக்கிறார். 1917 புரட்சியில் குடும்பம் சொத்தையெல்லாம் இழந்தது. 1925-இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1928 ஜனவரி 12 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை (ஒரு தனி வாத்தியமும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி) வாசித்து ஒரே இரவில் அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கினார். 1933-இல் இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினியின் மகள் வாண்டாவை மணந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வினோதம். உலகமே கொண்டாடிய இந்த மனிதர் நான்கு முறை மேடையை விட்டு ஒதுங்கினார். 1936 முதல் 1938 வரை, 1953 முதல் 1965 வரை, 1969 முதல் 1974 வரை, 1983 முதல் 1985 வரை. இரண்டாவது இடைவெளி மட்டும் பன்னிரண்டு ஆண்டுகள். மனச்சோர்வு, மேடை பயம், வயிற்றுக் கோளாறு என்று பல காரணங்கள். அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது இந்த இடைவெளிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன். அவரிடம் கேட்கிற பதற்றமும் நடுக்கமும் சும்மா வந்தவை இல்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

என் ஆலோசனை, 1986 ஏப்ரல் 20, மாஸ்கோ இசைக் கல்லூரியின் பெரிய அரங்கு. 61 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த நாட்டுப் பக்கம் திரும்பி வந்திருக்கிறார். வயது 82. மன்ஹாட்டன் வீட்டில் இருந்த தன் ஸ்டெயின்வே பியானோவைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அதன் கட்டைகள் மிக இலேசாக இறங்கும்படி செப்பம் செய்யப்பட்டவை. லேசாகத் தொட்டாலே ஒலிக்கும். கொஞ்சம் தவறினால் எகிறிவிடும். வேறொருவர் உட்கார்ந்தால் கட்டுப்படுத்தவே சிரமப்படும் கருவி. டிக்கெட் கிடைக்காத மாணவர்கள் காவலைத் தள்ளிக்கொண்டு மாடத்துக்கு ஏறிவிட்டார்கள் என்று அந்த மாலையைப் பற்றிச் சொல்வார்கள். கச்சேரி முடிந்து, கூடுதலாக வாசித்த உருப்படிகளில் ஒன்று ஷூமனின் 'ட்ராய்மரை'. கனவு காணுதல் என்று பொருள். குழந்தைப் பருவத்தைப் பற்றி ஷூமன் எழுதிய பதின்மூன்று சிறு உருப்படிகளில் ஏழாவது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பியானோ படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் இதன் ஸ்வரங்களை வாசித்துவிடுவார்கள். வேகமான இடம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். வித்தை காட்ட இதில் வழியே கிடையாது.

மெட்டு நமக்குப் பழகிய சங்கராபரண ஸ்வரங்களில்தான் தொடங்குகிறது. கீழ்ப் பஞ்சமத்தில் ஆரம்பித்து ஸட்ஜத்துக்கு வந்து நிற்கும். அப்புறம் நி, ஸ, க, ப என்று மெல்ல ஏறி மேல் ஸட்ஜத்தைத் தொடும். முதல் ஏற்றம் இது. சில அடிகள் கழித்து அதே படிகளில் மறுபடி ஏறும். இந்த முறை மேல் ஸட்ஜத்தோடு நிற்காமல் மேல் காந்தாரம் வரை போய்விடும். பாட்டின் முடிவில் கடைசியாக ஒரு முறை அதே காந்தாரத்துக்கு ஏறும். ஆனால் அப்போது கீழே இருக்கிற ஸ்வரக்கூட்டு, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், மாறியிருக்கும். அந்த இடத்தில் 'இங்கே நில்' என்று ஷூமன் ஒரு குறி போட்டிருக்கிறார். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எழுதவில்லை. அது வாசிப்பவர் பாடு.

முதல் தடவை கேட்கும்போது இந்த ஏற்றங்களை மட்டும் கவனியுங்கள். மேலே போகப் போகச் சத்தம் கூடுவதுதான் இயல்பு, நாம் பாடினாலும் அப்படித்தான் செய்வோம். அவர் உச்சியை எப்படித் தொடுகிறார் என்று பாருங்கள். கடைசி ஏற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடுவது போல அந்த ஸ்வரக்கூட்டு வரும். நான் முதன்முதலில் கேட்டபோது அந்த இடத்தில் என் கை தானாகவே ஒலியைக் கூட்டப் போனது. கூட்டவில்லை. நல்லவேளை. அந்த மென்மைதான் அங்கே செய்தி.

இரண்டாம் தடவை மெட்டை விட்டுவிட்டு நடுவில் இருப்பதைக் கேளுங்கள். மேலே ஒரு குரல், அடியில் ஒரு குரல், இவற்றுக்கு நடுவே மேலும் குரல்கள் ஓடுகின்றன. மேல் குரல் ஒன்றைச் சொல்லி முடித்ததும் நடுக்குரல் அதன் துணுக்கை வாங்கிப் பதில் சொல்லும். சாதாரண வாசிப்பில் இவை எல்லாம் சேர்ந்து ஒரு மெத்தை போல அடங்கிவிடும். ஹோரோவிட்ஸிடம் ஒவ்வொன்றும் தனி ஆள். ஒரு வீட்டில் வெவ்வேறு அறைகளிலிருந்து பேச்சுக் கேட்பது போல, எது பக்கத்தில் இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

மூன்றாம் தடவை நேரத்தைக் கேளுங்கள். உருப்படி முழுக்கக் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். உங்கள் தாளம் சில இடங்களில் அவரை முந்தும், சில இடங்களில் பின்தங்கும். ஒரு சொற்றொடரைத் தொடங்கும்போது தயங்குவார், நடுவில் ஈடுகட்டுவார், முடிவில் மறுபடி இளகுவார். இதற்கு 'ரூபாட்டோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் 'திருடியது' என்று அர்த்தம். ஓரிடத்தில் நேரத்தைத் திருடி இன்னோரிடத்தில் கொடுப்பது. விருத்தம் பாடுகிறவர் சொல்லின் பொருளுக்கு ஏற்ப இழுத்தும் விட்டும் பாடுவதை ரசிக்கத் தெரிந்த காதுக்கு இது புதிதாக இருக்காது.

அந்தக் காணொளியில் 'ட்ராய்மரை' ஒலிக்கும்போது கேமரா அவையில் இருக்கும் ஒருவரைக் காட்டும். நடுவயதைக் கடந்தவர். கண்ணிலிருந்து நீர் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. நான் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இப்போதும் அந்த இடம் வரும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

அடுத்ததாக அதே மாஸ்கோ கச்சேரியில் வரும் ஸ்கார்லட்டி. டொமெனிக்கோ ஸ்கார்லட்டி 1685-இல் பிறந்த இத்தாலியர். ஸ்பெயின் அரசியான மரியா பார்பராவின் இசை ஆசிரியராக இருந்தவர். 555 சொனாட்டாக்கள் (பாட்டில்லாமல் வாத்தியத்துக்கு மட்டும் எழுதும் உருப்படிகள்) எழுதினார், பெரும்பாலும் ஹார்ப்சிகார்டு என்ற பழைய கட்டை வாத்தியத்துக்காக. ஹார்ப்சிகார்டில் சுத்தியல் கிடையாது. ஓர் இறகு நுனி தந்தியைச் சுண்டும். எவ்வளவு அழுத்தினாலும் ஏறக்குறைய அதே சத்தம்தான். அந்த இசையைப் பியானோவில் வாசிக்கும்போது, எழுதியவர் கையில் இல்லாத ஒரு வசதி வாசிப்பவர் கையில் இருக்கிறது. ஹோரோவிட்ஸ் அதை என்ன செய்கிறார் என்று பாருங்கள். 380-ஆம் எண் கொண்ட சொனாட்டாவில் தூரத்து ஊர்வலத்தின் கொம்பு ஒலி போல ஒரு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அதைச் சற்றே வேறு தூரத்தில் வைப்பார். முதலில் தெருவில், அடுத்தது தெருக்கோடியில், அதற்கடுத்தது மலைக்கு அப்பால். சுத்தியல் போகும் வேகத்தில் மயிரிழை வித்தியாசம், அவ்வளவுதான். 1964-இல் ஸ்கார்லட்டிக்கென்றே ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். அதற்காக ஸ்கார்லட்டி ஆய்வாளர் ரால்ஃப் கிர்க்பாட்ரிக்கிடம் ஆலோசனை கேட்டார். உலகப் புகழ் பெற்ற பிறகும் பாடம் கேட்கப் போன மனிதர்.

இப்போது வேகத்துக்கு வருவோம். மாஸ்கோவில் மோஷ்கோவ்ஸ்கியின் 'தீப்பொறிகள்' என்ற சின்ன உருப்படியையும் கூடுதலாக வாசித்தார். பெயருக்கேற்றபடி பொறி பறக்கும். கேட்டால் 82 வயதுக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இளமையில் அவர் பெயர் பெற்றது இந்த வகை வாசிப்பால்தான். 'கார்மென்' இசைநாடகத்தின் மெட்டுகளை எடுத்து அவரே பின்னிய உருப்படி ஒன்று உண்டு, 1928-இலேயே பதிவு செய்திருக்கிறார். இரண்டு கையா மூன்று கையா என்று சந்தேகம் வரும். இங்கேயும் ரகசியம் சத்தத்தின் அடுக்குதான். மெட்டை இரண்டு கைகளின் கட்டைவிரல்களும் மாறி மாறி நடுவில் எடுத்துக்கொள்ள, மற்ற விரல்கள் மேலும் கீழும் பறக்கின்றன, பெடல் எல்லாவற்றையும் ஒட்டுப்போடுகிறது. விரல் வேகம் மட்டும் இருந்து இந்த அடுக்கு இல்லாவிட்டால், தகரக் கூரையில் கல்மழை பெய்வது போலத்தான் இருக்கும். அப்படி வாசிப்பவர்களும் உண்டு.

ஒரு கலைஞர் காலத்தோடு எப்படி மாறுகிறார் என்று கேட்க, ராக்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோவை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ராக்மானினோவ் இதை 1909-இல் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் அவரே முதன்முதலில் வாசித்தார். ஹோரோவிட்ஸ் இதை மூன்று முறை பதிவு செய்தார். 1930-இல் லண்டனில் ஆல்பர்ட் கோட்ஸ் நடத்த, 27 வயதில். 1951-இல் ஃபிரிட்ஸ் ரைனருடன், 47 வயதில். 1978-இல் கார்னகி ஹாலில் யூஜின் ஓர்மண்டி நடத்த, அவை முன்னிலையில், 74 வயதில்.

நாற்பது நிமிடத்தையும் கேட்க வேண்டாம். மூன்றிலும் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் கேளுங்கள். இசைக்குழு அடியில் முணுமுணுக்கும். பியானோ ஒரு நாட்டுப்பாட்டுப் போன்ற எளிய மெட்டுடன் உள்ளே வரும். இரண்டு கையும் அதே மெட்டைத்தான் ஸ்தாயி விட்டு வாசிக்கின்றன. அலங்காரமே கிடையாது. 1930-இல் இளைஞன் அதை ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போகிறான், முன்னால் இருக்கிற சண்டைக்கு அவனுக்கு அவசரம். 1951-இல் ஒவ்வொரு ஸ்வரமும் செதுக்கி வைத்தது போல இருக்கிறது. என் விருப்பம் இதுதான். 1978-இல் கிழவர் நின்று நின்று பேசுகிறார். சில இடங்களில் அடி தவறுகிறது, சில இடங்களில் அடித் தந்திகள் இரும்புப் பட்டறை போல முழங்குகின்றன, நடுவில் வேறு யாராலும் முடியாத ஒரு மென்மை திடீரென்று வந்து போகிறது. முதல் இரண்டு பதிவுகளில் கான்செர்ட்டோவின் சில பகுதிகளை வெட்டியிருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம். ராக்மானினோவே ஓர்மண்டியின் இசைக்குழுவுடன் 1939-40-இல் வாசித்த பதிவும் கிடைக்கிறது. ஹோரோவிட்ஸ் தன் கான்செர்ட்டோவை வாசித்த விதத்தை வெளிப்படையாகவே கொண்டாடியவர் ராக்மானினோவ்.

1930-களின் பதிவுகளைக் கேட்கும்போது ஒன்று. அவை அரக்குத் தட்டுகளில் பதிவானவை. ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். இரைச்சல் இருக்கும், அடித் தந்திகள் மெலிந்து கேட்கும். அந்தக் காலத்து நம் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது தடையாக இருக்காது. முதல் ஐந்து நிமிடம் பொறுத்தால் காது இரைச்சலை ஒதுக்கிவிடும்.

தவறான ஸ்வரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் இதில் குழம்புவார்கள். 1965 மே 9 அன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஹோரோவிட்ஸ் மீண்டும் மேடை ஏறினார். டிக்கெட்டுக்காக இரவெல்லாம் கார்னகி ஹால் வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு வாண்டா காப்பி வாங்கிக் கொடுத்தார் என்பது பிரபலமான கதை. இசையமைப்பாளர் பாக், ஆர்கன் என்ற பெரிய காற்று வாத்தியத்துக்கு எழுதிய உருப்படி ஒன்றைப் புசோனி பியானோவுக்கு மாற்றி எழுதியதை முதலில் எடுத்துக்கொண்டார். தொடங்கிய உடனேயே தவறான ஸ்வரம் விழுந்தது. கச்சேரி இசைத்தட்டாக வந்தபோது சில தவறுகளைத் திருத்தித்தான் வெளியிட்டார்கள். திருத்தாத முழுப் பதிவு 2003-இல்தான் வந்தது. நான் இரண்டையும் கேட்டிருக்கிறேன். திருத்தாததுதான் என்னிடம் நிலைத்தது. அந்த முதல் சறுக்கலில் பன்னிரண்டு வருட பயமும் கேட்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அதிலிருந்து எழுந்து நிற்பதும் கேட்கிறது. அதே கச்சேரியில் வாசித்த ஷோபானின் ஜி மைனர் பல்லாடையும் விடாதீர்கள். கதை சொல்வது போல ஆரம்பிக்கும். முடியும் இடத்தில் எரிந்து சாம்பலாகும்.

எல்லாரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மிகைப்படுத்துகிறார், திரிக்கிறார் என்று அமெரிக்க விமர்சகர் வெர்ஜில் தாம்சன் கடுமையாக எழுதினார். முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் சித்திரங்கள்' உருப்படியில் தன் இஷ்டத்துக்கு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தவர்தான் இவர். எழுதியதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பொறுக்காது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. பெரிய கட்டடம் போல நிற்க வேண்டிய உருப்படிகளில், பேத்தோவனில் முக்கியமாக, ஒரு மூலையின் அழகில் மயங்கி முழுக் கட்டடத்தையும் மறந்துவிடுகிறார் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ஸ்கார்லட்டி, ஷூமன், ஷோபான், ஸ்க்ரியாபின், ராக்மானினோவ் என்று வரும்போது அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார். மாஸ்கோவில் வாசித்த ஸ்க்ரியாபினின் இரண்டு எட்யூட்களை (பயிற்சி வடிவில் எழுதிய சிறு உருப்படிகள்) கேட்டால் நான் சொல்வது விளங்கும். தான் சிறுவனாக இருந்தபோது தன் வாசிப்பைக் கேட்ட அந்த மனிதரின் இசை அது.

1983-இல் ஜப்பானில் அவர் நடத்திய கச்சேரி மோசமாகப் போனது. மனநோய்க்காக உட்கொண்ட மருந்துகளால் விரலும் நினைவும் கட்டுப்பாட்டில் இல்லை. அங்கிருந்த முக்கியமான விமர்சகர் யோஷிதா ஹிதெகாசு அவரை விரிசல் விட்ட பழம்பொருளுக்கு ஒப்பிட்டார். அன்று ஹோரோவிட்ஸ் கதை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணினார்கள். மருந்துகளை விட்டார், இரண்டு ஆண்டு ஒதுங்கினார், 1985-இல் திரும்பி வந்தார். அந்தக் கடைசி நான்கு ஆண்டுப் பதிவுகளில் பழைய இடிமுழக்கம் குறைந்திருக்கும். ஒலி தெளிந்து, எடை இறங்கி, ஒருவிதச் சிறுபிள்ளைச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்கோவில் வாசித்த மொசார்ட்டின் 330-ஆம் எண் சொனாட்டாவில் அதைக் கேட்கலாம்.

கேட்கும் விதம் பற்றி ஒரு சொல். பேருந்தில் போகும்போது இவரைக் கேட்காதீர்கள். அவருடைய மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது, மெல்லியதெல்லாம் இரைச்சலில் கரைந்துவிடும். இரவில், மின்விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, சாதாரண இயர்போனில் கேட்டாலே போதும். ஒரு நாளைக்கு ஓர் உருப்படி. அதையே மூன்று முறை. அப்புறம் அதே உருப்படியை வேறொருவர் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். 'ட்ராய்மரை'யை ஆல்பிரெட் கோர்ட்டோவும் வாசித்திருக்கிறார், மார்த்தா ஆர்கெரிச்சும் வாசித்திருக்கிறார். கடைசி ஏற்றத்தில் அந்த உச்சியில் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் பிறகு 1989 அக்டோபர் இறுதிக்கு வாருங்கள். வயது 86. மன்ஹாட்டனில் தன் வீட்டில், தன் பியானோவில் ஓர் இசைத்தட்டுக்காக வாசிக்கிறார். ஹைடன், ஷோபான், லிஸ்ட். அதுவரை தான் பதிவு செய்யாத உருப்படிகளாகத் தேர்ந்தெடுத்திருந்தார். நவம்பர் 1 அன்று பதிவு முடிந்தது. நவம்பர் 5 அன்று காலமானார். தட்டின் கடைசி உருப்படி, வாக்னரின் இசைநாடகத்தில் ஈசோல்டே இறக்கும் காட்சியை லிஸ்ட் பியானோவுக்கு மாற்றி எழுதியது. முழு இசைக்குழுவும் ஒரு பெண் குரலும் சேர்ந்து எழுப்ப வேண்டிய அலையைச் சுத்தியல்களே எழுப்ப வேண்டும். அவர் எழுப்புகிறார். பிறகு அது இறங்குகிறது, மெலிகிறது, கடைசி ஸ்வரக்கூட்டு வருகிறது. கை செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது, தந்திகள் மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அது முழுக்க அடங்கும்வரை அடுத்த பாட்டுக்குப் போகாமல் இருங்கள்.